பின் சீட்டில் ‘ஊம்ம்’ சத்தம்: பேரிங்கா, டயரா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் திண்டுக்கல். 2017இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாலு மாதமாக வேகம் 45ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம். 60, 70இல் அதிகம். கியர் மாற்றினாலும் சத்தம் மாறுவதில்லை. ஓட்டும் எனக்குக் கொஞ்சமாகவும், பின் சீட்டில் உட்காரும் மனைவிக்கு நன்றாகவும் கேட்கிறது. முதலில் காட்டிய பட்டறையில் வீல் பேரிங் என்றார்கள். பின்பக்கம் இரண்டையும் மாற்றினேன். 4,800 ரூபாய் ஆனது. சத்தம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது மெக்கானிக், போட்ட பேரிங் டூப்ளிகேட், திரும்ப மாற்றவேண்டும் என்கிறார். மூன்றாமவர் பின்னால் ஹவுசிங்கைப் பிரித்துப் பார்க்கணும் என்கிறார். டயரில் கோளாறு இல்லை. முன் டயர் இரண்டும் மொழுக்கையாகிவிட்டதால் ஆறு மாதம் முன்பு புதிது போட்டேன். பின் டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. அடுத்த வாரம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகவேண்டும். போகலாமா?

பதில்: வணக்கம் சார். மூன்றாமவர் சொன்னதை முதலில் தள்ளிவிடுவோம். ஹவுசிங் என்பது பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் அடங்கிய கூடு. உங்கள் வண்டியில் பின்னால் அது கிடையவே கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருந்து முன் சக்கரங்களையே ஓட்டுகிற வண்டி அது. இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும். பின்னால் இருப்பது குறுக்கே ஒரு இரும்பு பீம், இரண்டு முனையிலும் சக்கரம், பேரிங், பிரேக் டிரம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான். பொலிரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா என்று பின் சக்கரம் ஓட்டும் வண்டிகளிலேயே கை பழகியவராக இருக்கலாம். அந்த வண்டிகளில் பின்னால் ஊளை வந்தால் முதல் சந்தேகம் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் மேல்தான் போகும். பழக்கத்தில் சொல்லியிருப்பார். ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ‘பின் டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது’. பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் கட்டை, எவ்வளவு உயரம் என்பது ஒரு விஷயம், அது எந்த வடிவத்தில் தேய்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். உயரம் குறைந்தால் மழையில் வழுக்கும். வடிவம் கெட்டால் சத்தம் போடும். முன் டயர்கள் மொழுக்கையாகும் வரை ஓடி, பின் டயர்கள் மட்டும் பட்டனோடு இருக்கின்றன என்றால் நாலு டயரையும் நீங்கள் இடம் மாற்றிப் போட்டதே இல்லை என்று அர்த்தம். முன் சக்கர ஓட்ட வண்டியில் பின் டயரை ஒரே இடத்தில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பட்டறைக்குப் பின்னாலிருந்து சத்தம் என்று வருகிற இந்த வகை வண்டிகளில் பேரிங்கைவிட அதிகம் பார்த்திருப்பது இதைத்தான்.

பின் சக்கரம் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலேயே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டனும் தரையில் பதியும்போது லேசாக மடங்கி, தரையை விட்டு எழும்பும்போது பின் ஓரத்தால் உரசிக்கொண்டு போகிறது. இப்படி லட்சக்கணக்கான தடவை உரசினால் பட்டனின் ஒரு ஓரம் தணிந்து, இன்னொரு ஓரம் தூக்கலாக நிற்கும், ரம்பப் பல் மாதிரி. அதுவும் டயரின் தோள்பகுதியில், அதாவது தரையில் படும் பரப்பின் ஓரங்களில், குறிப்பாக உள்பக்கத்தில் அதிகமாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் நின்று பார்த்தால் உள்பக்கம் கண்ணில் படாது. பட்டனும் உயரமாகத்தான் தெரியும். டயர் புதுசாட்டம் இருக்கே என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கண்ணால் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள். நாளைக் காலை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டயரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஆணி, கம்பி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் சுற்றுகிற திசையிலேயே உள்ளங்கையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்புறம் எதிர்த் திசையில் இழுங்கள். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று போகும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கையைப் பிடிக்கும் இல்லையா, அதே மாதிரி ஒரு பக்கம் வழுக்கி, ஒரு பக்கம் பிடித்தால் டயர் ரம்பமாகிவிட்டது. வெளிப்பக்கத் தோளில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கையை உள்ளே விட்டு உள்பக்கத் தோளையும் தடவுங்கள். அதே கையோடு புது முன் டயரைத் தடவிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

அப்படியானால் சத்தம் ஏன் நாலு மாதமாகத்தான் கேட்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தோன்றுவது இது. ஆறு மாதம் முன்பு வரை முன்னாலும் தேய்ந்த டயர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பின்னால் இருப்பது தனியாகக் கேட்கவில்லை. முன்னால் புது டயர் போட்டதும் முன்பக்கம் அமைதியாகிவிட்டது, பின்னால் இருந்தது வெளியே வந்துவிட்டது. மிக்ஸி ஓடும்போது கேட்காத ஃபேன் சத்தம் மிக்ஸியை நிறுத்தியதும் கேட்கிற கதைதான். ‘டயர் மாற்றின பிறகுதான் வந்துச்சு, அதனால புது டயர்ல ஏதோ கோளாறு’ என்று புது டயரைக் கொண்டுபோய் கடையில் சண்டை போட்டவர்களும் உண்டு. நல்லவேளை நீங்கள் அதைச் செய்யவில்லை.

ஆனால் கடிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பல வருஷம் முன்பு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டி, உங்கள் மாதிரியே புகார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து டிரையல் போனேன். சத்தம் வலப்பக்கம் என்று என் காது அடித்துச் சொன்னது. வலது பேரிங்கை மாற்றினேன். சத்தம் ஒரு துளி குறையவில்லை. கோளாறு இடது பேரிங்கில் இருந்தது. காரின் உடம்பு முழுக்க வெல்டு வைத்து ஒட்டிய தகரப் பெட்டி. ஒரு மூலையில் பிறந்த அதிர்வு பீம் வழியாகப் போய் இன்னொரு மூலையில் பெரிதாகக் கேட்கும். இரண்டாவது தடவை லேபர் வாங்கவில்லை. அதிலிருந்து காதை நம்பி எந்தச் சாமானும் வாங்கச் சொல்வதில்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிப்பதிவையும் கேட்டேன். ‘ஊம்ம்’ நன்றாகக் கேட்கிறது. எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று அதை வைத்துச் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஆகவே சோதனை செய்வோம். மதுரை நால்வழிச் சாலையில் விடியற்காலை ஐந்தரை ஆறு மணிக்குப் போனால் நெரிசல் இருக்காது. பின் சீட்டில் உங்கள் மனைவியை உட்கார வையுங்கள். இந்த வீட்டில் காது கூர்மை அவர்களுக்குத்தான் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. 70க்கு வண்டியைக் கொண்டுபோய், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்கும் உதவி போய்விடும், சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். நியூட்ரலில் உருளும்போது இன்ஜின் சத்தம் அடங்கிவிடும். ‘ஊம்ம்’ அப்படியே இருந்து, வேகம் குறையக் குறையக் கீழ்ஸ்தாயிக்கு இறங்கினால் அது சக்கரத்தோடு சேர்ந்த சத்தம். நியூட்ரல் போட்டதும் காணாமல் போனால் இன்ஜின், சைலன்சர் பக்கம் தேடவேண்டும். கியர் மாற்றினாலும் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் முதலாவதுதான் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து, சாலையைக் கவனியுங்கள். பழைய சொரசொர தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழ தாருக்கோ, தாரிலிருந்து சிமென்ட் சாலைக்கோ வண்டி ஏறும் இடத்தில் வேகத்தை மாற்றாமல் போங்கள். சாலை மாறும் அந்த நொடியில் சத்தத்தின் குரலும் மாறினால் டயர். சாலை எதுவானாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். பேரிங்குக்குச் சாலை தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். உங்கள் அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 515 தடவை சுற்றும். 60 வேகத்தில் என்றால் விநாடிக்கு எட்டரைச் சுற்று. தேய்ந்த பேரிங்கில் ஒவ்வொரு குண்டும் வழியில் இருக்கும் ஒரே பள்ளத்தில் விழுந்து எழுந்து போவதால் வருவது கனத்த, அடிவயிற்று உறுமல். டயரில் ஒரு சுற்றுக்கு அறுபது எழுபது பட்டன் தரையில் அடிக்கும். அதனால் அந்தச் சத்தம் பெரும்பாலும் இன்னும் மெல்லியதாக, தேனீக்கூட்டம் பக்கத்தில் வந்த மாதிரி இருக்கும். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரம்பம் மிகவும் மோசமானால் டயரும் பேரிங் மாதிரியே உறுமும். முதல் பட்டறைக்காரர் ஏமாந்தது அதில்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், 50 வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடம், வலம் என்று வளைத்து ஓட்டிப் பாருங்கள். பாம்பு ஊர்வது மாதிரி, அலுங்காமல். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் ஏறி, வலப்பக்கம் வளைக்கும்போது இறங்கினால் வலது பேரிங் மேல் சந்தேகம். மாறி வந்தால் இடது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் டயர் பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்களில் இந்தச் சோதனை முன் சக்கரம் அளவுக்குத் தெளிவாகப் பேசாது. சொல்லிவிட்டேன், பின்னால் என்னைக் கோபிக்கக்கூடாது.

இதெல்லாம் துப்புதான். சாட்சி வேண்டுமென்றால் டயரை மாற்றிப் போடவேண்டும். பஞ்சர் கடைக்குப் போய் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும், அதே பக்கத்திலேயே நேருக்கு நேர் போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதே சாலை, அதே வேகம், அதே ஆட்கள். ‘ஊம்ம்’ முன்னால் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது, டயர்தான். பின்னாலேயே இருந்தால் டயர் நிரபராதி, திரும்ப பேரிங்குக்குப் போகவேண்டியதுதான். பேரிங்குக்கு 4,800 கொடுக்கும் முன்னால் இதைச் செய்திருக்கலாம். முதல் பட்டறையில் ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது மெக்கானிக் டூப்ளிகேட் என்று சொன்னதற்கு வருகிறேன். டூப்ளிகேட் பேரிங் சந்தையில் இல்லாமல் இல்லை, பில்லோடு வாங்குவது நல்லது. நல்ல பேரிங்கையும் சுத்தியலால் அடித்து ஏற்றினால் போட்ட அன்றே உள்ளே குண்டுகளின் தடம் பதிந்து, புதிதாகவே சத்தம் போடும். அழுத்தும் கருவியில், சரியான வளையத்தின் மேல் அழுத்தித்தான் ஏற்றவேண்டும். ஆனால் பழையதும் ஊளை, புதியதும் அதே வேகத்தில், அதே குரலில், அதே அளவு ஊளை என்று இரண்டு பக்கமும் சேர்ந்தா இருக்கும்? பழுதான பேரிங்கை மாற்றினால், புதிது மோசமாகவே இருந்தாலும் குரல் மாறியிருக்கும். ஒன்றுமே மாறவில்லை என்பதுதான் எனக்கு இங்கே பெரிய துப்பு.

கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அட்டைப் பெட்டியில் டிக்கி ஓரமாகக் கிடக்கும். எடுத்து, வெளி வளையத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, உள் வளையத்தில் இரண்டு விரலைக் கொடுத்துக் கொஞ்சம் அழுத்தியபடி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங் விரலுக்குள் ரவையை அரைப்பது மாதிரி நறநறக்கும், ஒரு இடத்தில் தயங்கித் தாண்டும். நெய்யில் சுற்றுவது போல ஓடினால் அது பேரிங் கோளாறாகவே இருந்திருக்காது. ஒரு எச்சரிக்கை: கழற்றும்போதே அடி வாங்கி நறநறக்கும் பேரிங்கும் உண்டு. ஆகவே நறநறத்தால் அது முழுச் சாட்சி ஆகாது. வழுக்கினால் அது நல்ல சாட்சி.

இன்னொன்று. இரண்டாமவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருப்பார். பேரிங் என்றால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் பேரிங் போய்விட்டது என்றுதான் அர்த்தம். ஆட்டம் இல்லை என்றால் நல்லது என்று மட்டும் நினைக்கக்கூடாது. இந்தக் கால ஹப் பேரிங்குகளில் கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல் காதைக் கிழிக்கும் சத்தம் போடுபவை நிறைய. சரியான வழி இது: வண்டியை முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. ஸ்பிரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சக்கரத்தைச் சுற்றவேண்டும். பேரிங் கெட்டிருந்தால் அந்த நறநறப்பு ஸ்பிரிங் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வரும். காதுக்குக் கேட்காததுகூடக் கைக்கு வரும். டிரம் பிரேக்கில் லைனிங் லேசாக ‘சர்ர்’ என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை உரசுவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். சக்கரம் கனமாகச் சுற்றினால்தான் லைனிங் பிடித்திருக்கிறதா, மழைக்கு அப்புறம் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் நாலு சக்கரத்தின் ரிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனால் இதுவும் தெரிந்துவிடும். மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டியிருக்கிறது, அல்லது பேரிங் சாகிறது. தொட்டுவிடாதீர்கள், சுடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் நான் கேட்டுவிடுவது வழக்கம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் அப்புறம் மாதக்கணக்கில் பேரிங் ஊளையோடு வண்டிகள் வந்தன. அச்சு முழுக நின்ற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். தண்ணீர் வடிந்த அன்று வண்டி நன்றாகத்தான் ஓடும், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வண்டிக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து தோன்றுகிறது.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு மூன்று சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றிருக்கும்போதே பின் சீட்டுக்கு அடியில் ‘ஊம்’ கேட்டால் அது சக்கரமே அல்ல, பெட்ரோல் டாங்கில் இருக்கும் பம்ப். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டதும் இரண்டு மூன்று விநாடி இரைந்து அடங்குவது அதன் இயல்பு. இன்ஜின் ஓடும்போது பலமாக இரைந்துகொண்டே இருந்தால் ஃபில்டர் அடைப்பையும், டாங்கை எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தையும் பார்க்கவேண்டும். சபரிமலை போய்விட்டு வந்து மேலே கேரியரைக் கழற்றாமல் விட்டவர் ஒருவர், 70க்கு மேல் பின்னால் சங்கு ஊதுகிறது என்று வந்தார். கேரியரைக் கழற்றினோம், சங்கு நின்றது. கூலி வாங்க எனக்கே வெட்கமாக இருந்தது. பொலிரோ மாதிரி பின் ஓட்ட வண்டிக்காரர்கள், சத்தம் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி என்றால் ஹவுசிங் ஆயிலைப் பாருங்கள். ஓடிச் சூடான ஹவுசிங்கோடு தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வடித்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். அதோடு ஓட்டினால் கிரவுன் பினியன் கெட்டுவிடும்.

சரி, உங்கள் வண்டியில் டயர்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே புது டயர் வாங்கிவிடாதீர்கள். முதலில் பின் டயரின் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. வண்டியோடு 2017இல் வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடலாம், ரப்பர் செத்துவிட்டது. வெடிப்பில்லை, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அளவுக் கட்டையிலிருந்து பட்டன் நன்றாக உயர்ந்து நிற்கிறது என்றால், அவற்றைச் சோதனைக்காக முன்னால் போட்டீர்கள் இல்லையா, அப்படியே விட்டுவிடுங்கள். முன் சக்கரம் இழுக்கிற சக்கரம். இரண்டு மூவாயிரம் கிலோமீட்டரில் ரம்பத்தை ஓரளவு தேய்த்துச் சமமாக்கிவிடும். சத்தம் மெல்ல மெல்லக் குறையும். முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. நல்ல டயர் பின்னால் போய்விடுகிறது. இரண்டே புது டயர் வாங்கினால் முன்னால் போடவேண்டும் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது அதற்கு நேர் எதிர்: புதியது பின்னால். மழைத் தண்ணீரில் முன் டயர் பிடியை விட்டால் வண்டி நேராக வழுக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்பப் பிடித்துவிடும். பின் டயர் விட்டால் வண்டி தட்டாமாலை சுற்றும். அதைச் சமாளிப்பது நம்மில் யாருக்கும் எளிதல்ல.

டயர் ஏன் ரம்பமானது என்று பார்க்காமல் விட்டால் பின்னால் போன புது டயரும் ஒரு வருஷத்தில் இதே பாட்டைப் பாடும். டிக்கி மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். வண்டி ஒரு தடவை எழும்பி நிற்கவேண்டும். தொட்டில் மாதிரி ஆடினால், அல்லது ஷாக் அப்சார்பர் உடம்பில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருந்தால் அது முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அலைன்மென்ட் போகும்போது முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். நாலு சக்கரத்துக்கும் அளவெடுத்து, பின் சக்கர எண்களோடு அச்செடுத்த தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் பின் சக்கரக் கோணத்தைத் திருகித் திருத்த வழியில்லை. ஆனால் எண் எல்லை தாண்டியிருந்தால் எப்போதோ ஒரு பள்ளத்தில் பீம் வளைந்திருக்கிறது என்று தெரியும். காற்று, டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு. குறைவாக வைத்து ஓட்டியிருந்தால் தோள்பகுதி தேய அதுவே ஒரு காரணம். இனி எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை முன் பின் மாற்றிவிடுங்கள்.

ஒருவேளை பேரிங்தான் என்று முடிந்தால், அதைப் போட்ட பட்டறைக்கே கொண்டுபோங்கள், டயர் மாற்றியும் சத்தம் நகரவில்லை என்ற சாட்சியோடு. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்த்து உட்காரவேண்டும். திருப்பிப் போட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு எரிவதாக எழுதவில்லை.

திருச்செந்தூர் போகலாமா என்று கேட்டீர்கள். போக வர கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர், வண்டி நிறைய ஆட்கள். டயரை மாற்றிப் போட்டு, சத்தம் முன்னால் வந்து, வெடிப்பு ஒன்றும் இல்லை என்றால் தாராளமாகப் போய்வாருங்கள். அது காதுக்குத் தொந்தரவே தவிர ஆபத்தில்லை. சத்தம் பின்னாலேயே நின்றுவிட்டால் பேரிங் வழக்கு முடியும் வரை இந்த வண்டியில் வேண்டாம். கெட்ட பேரிங் ஒரு மாதமும் ஓடும், ஒரே நாளில் இறுகியும் நிற்கும். எந்த நாள் என்று அது சொல்லிக்கொண்டு வராது. ஊம்ம் என்பது கரகரவென்று அரைக்கும் சத்தமாக மாறினாலோ, ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தாலோ வழியிலேயே ஓரம் கட்டிவிடுங்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் சார். நாலு டயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம், ஐந்தாவது ஒன்று டிக்கியில் கிடக்கிறது.